செங்கல் வீட்டின் இரண்டு கதவுகள்

காலை பத்தேகால். மேசன் உளியை இறக்கிவிட்டு, "மிஸ், தேத்தண்ணிக்கு நிப்பாட்டுவமோ?" என்று கேட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "பத்தேகால்தானே ஆகுது. உந்த ஒரு கீலம் பூச்சையும் எடுத்துப்போட்டு நிப்பாட்டுங்கோ" என்றேன். எல்லாம் பிழையாகத் தொடங்கியது அந்த நேரத்திலிருந்துதான்.

கொக்குவிலில் ஒரு பழைய செங்கல் வீடு. முன்கதவுக்கு இடப்பக்கம், மேலிருந்து கீழாக ஒரு சாண் அகலத்துக்குச் சீமெந்துப் பூச்சு மிஞ்சியிருந்தது. மேசன் இரண்டு தட்டுத் தட்டினார். வழக்கமாகப் பூச்சு துண்டு துண்டாக உதிரும். இது உதிரவில்லை. உள்ளே வைத்திருந்த கோழிக்கூட்டுக் கம்பிவலையோடு, ஒரே பலகையாகக் கழன்று விறாந்தையில் விழுந்தது. தூசி அடங்கியபோது சுவரில் ஒரு கோடு தெரிந்தது. சுண்டுவிரல் நுழைகிற அகலம். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது பெருவிரல் நுழைகிற அகலமாயிற்று.

என் மகள் அப்போது வீட்டுக்குள் ஏணியில் நின்றாள்.

பழைய வீடுகளை அளந்து வரைந்து பாதுகாக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது கதைக்கும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். என்னைப்போல ஓய்வுபெற்றவர்கள் வந்து கதைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆட்களுக்கு முன் நின்று இதைச் சொல்ல எனக்கு இன்னும் இயலாது. மாசி மாதம் நடந்தது. இப்போதும் அயலில் யாராவது சுவர் கொத்துகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். அதனால் எழுதித் தருகிறேன். அளவு எடுப்பது, படம் வரைவது எல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை.

முதலில் அந்த வீட்டைப்பற்றிச் சொல்லவேண்டும். வீட்டை விளங்காவிட்டால் நடந்தது விளங்காது.

யாழ்ப்பாணத்தில் செங்கல் வீடு கட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. கிணறு வெட்டினாலே சுண்ணாம்புக்கல் வெளியே வருகிற மண் எங்களுடையது. வீட்டுக்குக் கல் வளவுக்குள்ளேயே கிடைக்கும். செங்கல் சுட ஏற்ற களிமண் இங்கே கிடையாது, வன்னியிலிருந்து வரவேண்டும். ஆனாலும் இந்த வீட்டைக் கட்டியவர் செங்கல்தான் வேண்டுமென்று நின்றிருக்கிறார். அவர் மலாயாவில் கிளாக்காக வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர். அங்கே அரசாங்கம் கொடுத்த செங்கல் வீடொன்றில் வாழ்ந்திருக்கிறார். ரயில் வந்தபிறகு கொக்குவில் பக்கத்துத் தோட்டக்காணிகள் சிறு துண்டுகளாக வெட்டி விற்கப்பட்டன. நடுவே நேரான சிறு தெருக்களாக ஒழுங்கைகள் விழுந்தன. பட்டினத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு வெளியே குடியிருக்கலாம் என்று ஆட்கள் நினைக்கத் தொடங்கிய காலம். அவரும் ஒரு துண்டு வாங்கினார்.

நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிவர அறைகள் வைக்கிற நாற்சார் வீடு அவருக்கு வேண்டாமாம். வளவுக்கு நடுவே வீடு, நாலு பக்கமும் காற்று, ஒழுங்கையைப் பார்த்தபடி விறாந்தை. யன்னல்களுக்கு மேலே செங்கல் வளைவுகள். ஒரு வரி நீளமாகவும் அடுத்த வரி தலைமாட்டாகவும் மாறி மாறி வைத்து, ஒன்றை ஒன்று கவ்விப்பிடிக்கும்படி கட்டிய சுவர். கூரைக்கு மாத்திரம் பனைமரம். என் மகள் முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு, "சுவர் மலாயா, கூரை யாழ்ப்பாணம்" என்றாள். அவளுக்கு அந்த வீட்டைப் பிடித்துவிட்டது.

அவள் கட்டடக்கலை படித்து முடித்தவள். மேற்படிப்புக்கு மெல்பேண் போக இருந்தாள். மகன் முன்பே லண்டனுக்குப் போய்விட்டான். அவர்களின் அப்பா இல்லை. போவதற்குமுன் கொஞ்ச நாள் என்னோடு வேலைக்கு வருகிறேன் என்று அவளாகத்தான் கேட்டாள்.

வீட்டைக் கட்டியவருக்கு இரண்டு பேத்திகள். வீடு அவர்களுக்குச் சீதனமாக இரண்டாகப் பிரிந்தது. பின்பாதி மூத்தவளுக்கு, முன்பாதி இளையவளுக்கு. கிணற்றுக்குப் போகிற பாதையில் தொடங்கிய மனஸ்தாபம் வழக்குவரை போயிற்று. இளையவள் குடும்பத்தோடு கனடா போனாள். மூத்தவள் பின்பாதியிலேயே இருந்தாள். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கலியாணம் செய்யவில்லை. ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் ரீச்சர். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு தடித்த செங்கல் சுவர், அதில் ஒரு கதவு. முன்பாதியைப் பழையபடி ஆக்கித்தரும்படி என்னைக் கேட்டது கனடாவிலிருக்கும் இளையவளின் மகன். நடுக்கதவைப்பற்றிப் போனில் விசாரித்தேன். "அது பெரியம்மா அந்தப் பக்கத்தாலை பூட்டினது அன்ரி. முப்பது வருசமா ஒருத்தரும் தொடுறேல்லை. வழக்குக் கதவு. விட்டுடுங்கோ" என்றான். நானும் படத்தில் அந்த இடத்தில் 'மூடியது' என்று எழுதிவிட்டேன்.

இனிப் பத்தேகாலுக்கு வருகிறேன்.

அவள் கையில் போன் இருந்தது. விறாந்தைப் படிக்குக் கீழே, முற்றத்தில் நான் நின்றேன். திறந்திருந்த முன்கதவால் பார்த்தால் கூடம் முழுவதும் தெரியும். ஏணியின் கால்கள் தெரிந்தன, அவள் தெரியவில்லை. அழைத்தேன்.

"என்னம்மா சத்தம்?"

"ஏணியிலையோ நிக்கிறாய்?"

"ஓம். வளைக்குப் பக்கத்திலை."

"மெல்ல இறங்கு பிள்ளை. இறங்கி அதிலையே நில்லு. கதவுப் பக்கம் வராதை."

"ஏன்?"

"இறங்கிப்போட்டுக் கேள்."

வளை என்பது சுவரின் தலையில் நீளத்துக்குக் கிடத்தி, கூரைமரங்களைத் தாங்கவைக்கிற மரம். அவள் காலையிலிருந்து அதைத்தான் அளந்துகொண்டிருந்தாள்.

அவள் இறங்குகிற நேரத்தில் நான் சுவரைப் பார்த்தேன். அத்திவாரம் இறங்கி வெடிக்கிற செங்கல் சுவர் எப்படி வெடிக்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து வழியே, படிக்கட்டுப்போல ஏறி ஏறிச் சாய்ந்து போகும். இது அப்படியில்லை. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக நின்றது. கோட்டின் இடது விளிம்பில் சிவப்பு. வலது விளிம்பில், கதவு நிலையை ஒட்டிய பக்கத்தில், வெள்ளை. செங்கல் வீட்டில் சுண்ணாம்புக்கல்.

அதைக் கண்டவுடன் நூறு வருடத்துக்கு முந்திய ஒரு நாள் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் வீடு கட்டத் தொடங்கும்போது முன்கதவின் நிலையைத்தான் நாள் பார்த்து வைப்பார்கள். வீட்டுக்காரரின் சாதகத்துக்குப் பொருந்திய நாளும் நேரமும் அது. மலாயாவில் எத்தனை வருடம் இருந்தாலும் அதை யாரும் தள்ளிப்போடமாட்டார்கள். நாள் வந்துவிட்டது, வன்னியிலிருந்து செங்கல் வந்துசேரவில்லை. அதற்காக நிலையை வைக்காமல் விடுவார்களா? வளவுக்குள் கிணறு வெட்டிய கல் கிடந்திருக்கும். அதை எடுத்து நிலையின் இரு பக்கமும் இரண்டு தூணாகக் கட்டி, நேரம் தவறாமல் நிலையை நிறுத்தியிருக்கிறார்கள். செங்கல் பிறகு வந்தது. சுவர்கள் இரண்டு பக்கத்தாலும் எழும்பி வந்து அந்த வெள்ளைக்கல்லை முட்டி நின்றன. முட்டினவே தவிர, ஒன்றோடொன்று கவ்வவில்லை.

ஆக, நான் பார்த்தது வெடிப்பு அல்ல. முதல்நாளிலிருந்தே ஒட்டாமல் நின்ற இரண்டு கட்டடங்களின் நடுவிலிருந்த இடைவெளி. சுண்ணாம்புப் பூச்சின்மேல் அது வருடாவருடம் மயிரிழைபோலத் தெரிந்திருக்கும். இளையவளின் கலியாணத்துக்கு வீட்டைப் புதுப்பித்தபோது கம்பிவலை வைத்துச் சீமெந்து பூசி மறைத்திருக்கிறார்கள். பழைய செங்கல்லுக்குச் சீமெந்து ஆகாது, ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், எடுத்துவிடவேண்டும் என்று நாங்கள் எல்லாரும் படித்திருக்கிறோம். சரியான பாடம்தான். நானே அதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பூச்சு இவ்வளவு காலமும் கட்டுத்துணிபோல நிலையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. எதையாவது அகற்றச் சொல்லுமுன், அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள்.

இடைவெளி கீழே ஒடுக்கமாகவும் மேலே அகலமாகவும் இருந்தது. நிலையும் அதன் கல்லும் முற்றத்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. அசைகிற பகுதி அதுதான். வெளியே வருகிற வழியும் அதுதான்.

பூச்சு விழுந்த சத்தத்துக்கு அயல் கூடிவிட்டது. எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர் சாறத்தை மடித்துக்கட்டிக்கொண்டு முதலில் வந்தார். அவரை எல்லாரும் கடை அண்ணை என்பார்கள். கதவால் உள்ளே பார்த்துவிட்டு, "பிள்ளை, ஒரு பாய்ச்சலிலை வா. நான் பிடிக்கிறன்" என்று படியில் காலை வைத்தார்.

"அண்ணை, இறங்குங்கோ. படியிலை நிக்காதையுங்கோ."

"அவள் வெளியிலை வரவேண்டாமோ?"

"இந்தக் கதவாலை வேண்டாம்."

"வேறை எந்தக் கதவு இருக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் படிச்சனீங்கள். நான் இல்லையெண்டேல்லை. அதுக்காகப் பெத்த பிள்ளையை உள்ளை விட்டுட்டு வெளியிலை நிண்டு சுவர் வாசிக்கிறதோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். இன்னொருவர், பக்கத்து யன்னல் கம்பியைக் கழற்றினால் பிள்ளையை எடுத்துவிடலாம், வீட்டில் பெரிய சுத்தியல் இருக்கிறது, கொண்டுவரட்டோ என்றார். நல்ல யோசனைபோலத்தான் தெரியும். அந்தக் கம்பிகள் சுவருக்குள் புதைத்தவை. சுத்தியலால் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அதே சுவர் வழியே நிலைக்குப் போகும்.

"ஒருத்தரும் சுவரிலை கை வைக்கப்படாது" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாகக் கேட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர், ஆபத்தான கட்டடத்துக்கு முன் நிற்கும்போது கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். அதிகாரி கையை நீட்டினால் அந்தத் திசையில் நாலுபேர் ஓடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. வேலைக்காலம் முழுவதும் நான் அப்படித்தான் நின்றேன். உள்ளே போகலாம், போகக்கூடாது, ஆட்களை எழுப்புங்கள், இருக்கட்டும் என்று எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். அவர்களெல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். அப்போதெல்லாம் கைகள் பின்னால் சும்மா கிடந்தன. அன்றைக்கு அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. இத்தனை சனத்துக்கு நடுவே நின்றேன். கேட்டு ஆறுதல் அடைய ஒருவர் இல்லை. பிழை என்றால் அது முழுதும் என்னுடையது. அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தனியே கழிக்கவேண்டும். அதைத்தான் அந்த நிமிடத்தில் நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

போனைக் காதில் வைத்தேன். "காலமை வளையிலை பொருத்து எங்கையெண்டு பாத்தனி?"

"நிலைக்கு நேர மேலை. ரெண்டு மரமும் அதிலைதான் சந்திக்குது." பிறகு தானே தொடர்ந்தாள். "அப்ப நிலை அசைஞ்சால் வளையின்ரை ரெண்டு முனையும் இறங்கும். ஓமோ?"

"ஓம்."

"இறங்கினால் கூரையும் அதிலைதான் இறங்கும்."

"ஓம் பிள்ளை."

"அப்ப நான் நடுச்சுவரடிக்குப் போறன்."

"போ. சுவரும் சுவரும் சேருற மூலையிலை இரு."

"இருக்கிறதோ நிக்கிறதோ?"

"இரு. நிண்டால் உனக்குக் கால் உளையும்."

அவள் சிரித்தது போனில் கேட்டது. பிறகு கூடத்தின் கடைசியில் ஏணியைத் தாண்டி அவள் நடந்து போவதைக் கண்டேன். மூலையில் சம்மணம் கட்டி இருந்தாள். அவள் பக்கத்தில் நடுக்கதவு.

"அந்தக் கதவைத் தள்ளிப் பார்" என்றேன்.

எழும்பித் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். "அசையுதில்லை. பூட்டித்தான் கிடக்கு. இழுக்க ஒரு பிடிகூட இல்லை, கழட்டிப்போட்டினம்."

மேசனைப் பின்பக்கம் போகச் சொன்னேன். ரீச்சரின் வாசல் மற்ற ஒழுங்கையில் இருக்கிறது, சுற்றிப் போகவேண்டும். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். சிறிது நேரத்தில் அவருடைய அழைப்பு வந்தது. மகளை ஒரு கணம் விட்டுவிட்டு அவரோடு கதைத்தேன்.

"ரீச்சர் வீட்டிலை இல்லை மிஸ். கேற்றும் பூட்டு. மதிலாலை ஏறிக் குதிச்சிட்டன். வீட்டுக் கதவிலை ஆமைப்பூட்டுத் தொங்குது. உடைக்கட்டோ?"

"பூட்டை மட்டும் உடையுங்கோ. அடியாதையுங்கோ. அலவாங்கை வளையத்துக்கை விட்டுத் திருகுங்கோ."

"அலவாங்கு முன்பக்கத்திலையெல்லோ கிடக்குது."

நான் போனில் சொன்னதைக் கேட்ட கடை அண்ணை அந்தக் கனத்த இரும்பு அலவாங்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கையில் ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. உங்களுக்கு யாரும் சொல்லித்தராத பகுதி இதுதான். முடிவெடுத்தபிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. சனம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். கதவு நிலையின் தலைக்கு மேலிருந்து சுண்ணாம்புத்தூள் வாசலில் மெல்லிதாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி கொட்டியது. ஒரு கல்லுத்துண்டு உருண்டு படியில் விழுந்தபோது என் வாயில் 'ஓடி வா' என்ற சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அம்மா" என்றாள் போனில்.

"சொல்லு."

"இண்டைக்கு என்ன கறி?"

"கத்தரிக்காய்ப் பால்கறியும் சம்பலும்."

"சாப்பாட்டுப் பெட்டி எங்கை கிடக்கு?"

"விறாந்தைக் கட்டுக்கு மேலை."

"அட. கூரைக்குக் கீழை. முதல் அதைக் காப்பாத்தியிருக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கூடமும் ஒரு விறாந்தையும். முகம் தெரிந்தது. கையை அசைத்தால் தெரிந்தது. ஆனாலும் குரல் போனில்தான் வந்தது. வாய் அசைந்து ஒரு நொடி கழித்து.

"உப்பிடிக் கதைக்கப் பழகத்தானே வேணும்" என்றாள். "அங்கை போனாலும் உப்பிடித்தான்."

"வாயைப் பொத்திக்கொண்டு இரு."

"இருக்கச் சொன்னால் இருக்கிறன். வாயைப் பொத்தச் சொல்லாதேங்கோ, பயமாக் கிடக்கு."

அவளுக்குப் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு நாங்கள் நிறுத்தாமல் கதைத்தோம். எதைப்பற்றி என்று கேட்காதீர்கள். சுன்னாகத்தில் வெங்காயம் மலிந்ததைப்பற்றி, அவளுடைய பயணப் பெட்டியில் வைக்க வாங்கிய மிளகாய்த்தூளைப்பற்றி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிலை விழவில்லை. அன்று பின்னேரமே பனங்குற்றிகளை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டோம், இன்றைக்கும் நிற்கிறது. பிறகு ஆறுதலாகப் பிரித்துப் பார்த்தோம். வெள்ளைக்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே ஒரு கல்கூடக் கவ்வியிருக்கவில்லை. வளையின் முனை அந்தத் தூணில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் தங்கி நின்றது. நிலைக்குக் கீழே, அதை நாள் பார்த்து வைத்தபோது போட்ட ஒரு செப்புத் துண்டு, நிறம் போன துணியில் சுற்றியபடி கிடந்தது. அதைத் திரும்ப அங்கேயே வைத்தோம்.

இரண்டு விரல் போதாது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்கிறேன். ஆனாலும் அது தாங்கியது. அவள் அன்று அந்தக் கதவால் ஓடி வந்திருந்தால் ஒன்றும் நடந்திராது என்று கடை அண்ணை இப்போதும் சொல்கிறார். சைக்கிளுக்குக் காற்றடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாராம். அவர் சொல்வது பிழை என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்களும் அப்படி முடிவெடுக்க நேரும். சரியாக எடுத்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததால் நீங்கள் சரி என்பதற்கு ஒரு சாட்சியும் இராது. அதோடுதான் வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும்.

மகள் போனில் வெங்காயத்தைப்பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அம்மா, அந்தப் பக்கம் ஆரோ ஏசுகினம்."

கதவின் மறுபக்கத்திலிருந்து, தூரத்தில், ஒரு பெண்குரல். என் போனிலும் அது வந்தது. பிறகு மேசன் சொல்லித்தான் முழுவதும் தெரியும். ரீச்சர் சந்தைக்குப் போய்விட்டு, கையில் மரக்கறிப் பையோடு கேற்றைத் திறந்து உள்ளே வந்திருக்கிறார். தன் வீட்டுக் கதவில் ஒருவர் அலவாங்கை விட்டுத் திருகுகிறார், மற்றவர் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"உவனை எனக்குத் தெரியும்" என்றாராம் மேசனைப் பார்த்து. "எட்டாம் வகுப்பிலையும் உடைக்கிற வேலைதான். கணக்குமட்டும் உடையேல்லை."

"ரீச்சர், உள்ளை ஒரு பிள்ளை அகப்பட்டுப்போச்சு."

"எந்த உள்ளை?"

"முன்வீட்டிலை. நிலை சாயுது. வெளியிலை வர வழியில்லை. உங்கடை நடுக்கதவைத் திறக்கவேணும்."

பிறகு, "அலவாங்கை எடு. திறப்பு இருக்கேக்கை ஏன் உடைக்கிறாய்?" என்று சொல்லிப் பையை மேசனிடம் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்த திறப்பை எடுத்துத் தன் வீட்டைத் திறந்திருக்கிறார்.

நான் பார்த்தது முன்பக்கத்திலிருந்து. மகள் எழும்பி நின்றாள். நடுக்கதவில் தடாரென்று ஒரு சத்தம். பூட்டுத் திறக்கிற சத்தமல்ல. உடம்பால் இடிக்கிற சத்தம். இன்னொரு முறை. கதவின் ஓரமெல்லாம் பல பூச்சுப் பெயின்ற் இறுகிக் கிடந்தது; அது வெடித்துச் சிதறியதும் கதவு கூடத்துக்குள் திறந்தது. எங்கள் பக்கம்தான் திறக்கிற கதவு. பிடியில்லாத கதவை மகள் தள்ளிப் பார்த்தாள். தள்ளினால் எப்படித் திறக்கும்? பின்பக்கத்து வெளிச்சம் கூடத்தின் நிலத்தில் நீளமாக விழுந்தது. நிலைக்கு மேலிருந்து தூள் மறுபடி கொட்டியது. ஒரு கை வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் போய்விட்டாள்.

நான் ஒழுங்கை சுற்றி எப்படிப் போய்ச்சேர்ந்தேன் என்று ஞாபகமில்லை. ஒரு செருப்பு வழியில் கழன்றது மட்டும் தெரியும். ரீச்சரின் உள்ளறையில், அந்த நடுக்கதவுக்குப் பக்கத்தில், மகள் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். போன் இன்னும் கையில், இன்னும் என்னோடு இணைப்பில். நான் அவள் தலையைப் பிடித்துப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், முழங்காலைப் பார்த்தேன். "ஒண்டும் இல்லையம்மா" என்றாள். என் குரல் அவள் கையிலிருந்த போனிலும் கேட்டது.

ரீச்சர் கட்டில் விளிம்பில் இருந்தார். தோளைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பின்னுக்கு நல்ல காற்றோட்டமான பெரிய அறை ஒன்று இருந்தது, வரும்போது பார்த்தேன். அதில் நெல்லுமூடைகள் கிடந்தன. கட்டில் இந்தச் சின்ன அறையில், நடுக்கதவோடு ஒட்டிப் போட்டிருந்தது. இப்போதுதான் அதை ஒரு பக்கம் தள்ளியிருக்கிறார்கள். நிலத்தில் கால்கள் இழுபட்ட அடையாளம் தெரிந்தது.

கதவைப் பார்த்தேன். பூட்டு எங்கே என்று என் கண் தேடியது, வேலைப்பழக்கம். தாழ்ப்பாள் இருந்தது. பூட்டாமல் இழுத்து ஒதுக்கப்பட்ட இடத்திலேயே இரும்பு கறள்பிடித்து, அசைக்க முடியாமல் இறுகிப்போயிருந்தது. அது பல வருடத்துக் கறள்.

"ரீச்சர்," என்றேன், "இது நீங்கள் உள்ளாலை பூட்டினதெண்டெல்லோ எல்லாரும் சொன்னவை."

அவர் கதவுக்கு அப்பால், வெறுமையாகக் கிடந்த தங்கையின் கூடத்தைப் பார்த்தார்.

"நான் ஒருநாளும் பூட்டேல்லை பிள்ளை. அவள் தட்டுவாள் எண்டுதான் கட்டிலை இதிலை போட்டனான்."